பால் பிராண்ட்
பால் பிராண்ட் (சூலை 17, 1914 - சூலை 8, 2003) தொழுநோயாளிகளின் ஆறாப் புண்களை ஆராய்ந்த அறுவை மருத்துவர் ஆவார். இவர் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் ஆங்கிலேய மறைப்பணியாளர்களுக்குப் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார்.

தொழுநோயால் தசை தானாகவே அழுகி விரல்கள் உதிர்வதாக அக்காலத்தில் நம்பப்பட்டது. நரம்பு பாதிப்பால் வலியுணர்வு அற்றுப்போவதும், அறியாமல் ஏற்படும் காயங்களும், அவற்றில் பரவும் தொற்றுமே உறுப்பிழப்புக்குக் காரணம் என்று இவர் காட்டினார். எனவே இத்தகைய பாதத்தில் வலி இல்லாமையைக் கொண்டு தொற்று இல்லை எனக் கொள்ளலாகாது; வெப்பம், வீக்கம், சிவப்பு, சீழ் ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் தேடி அறிய வேண்டும். மாவுக்கட்டிட்டுப் புண்ணின் மீதான அழுத்தத்தைக் குறைக்கும் முறையையும் இவர் பரவலாக்கினார்.

1966 இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்களுக்கும் மாவுக்கட்டு முறை இன்று பயன்படுகிறது.