ஆசிரியர் மாணாக்கரானார்

நாரந்தனை அமைந்த தீவிலுள்ள கரம்பொன்னில் 1913ஆம் ஆண்டு பிறந்தவர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். அந்நாளில் ஆங்கிலக் கல்விக்கே ஏற்றம்; தமிழ் பின்வரிசையில் நின்றது.

உரோமையில் குருத்துவக் கல்வி முடித்து, 1940இல் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியரானார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்த அவருக்குத் தாய்மொழி இலக்கியத்தில் பயிற்சியின்மை உறுத்தியது. பிறர்க்குப் பாடஞ் சொல்லிக்கொண்டே, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் தாமும் மாணாக்கராய்த் தமிழ் கற்றார். முப்பது வயதைக் கடந்தபின், 1945இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இளைஞரோடு இளைஞராய் வகுப்பில் அமர்ந்தார்.

1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கு முன்னின்று உழைத்தவர் அவரே. 1980இல் மறைந்தார். பள்ளி தராத பாடத்தைப் பின்னர்த் தேடிக் கற்க அவர் நாணியதில்லை. அந்நாணமின்மையால் உயர்ந்தது தமிழ்.