பரங்கிமலையில் நீட்டிய சங்கிலி



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்ததும், ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதை வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் எழுதிவிடுகிறார்கள். அதனால் 1823-இல் இறந்துபோன ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயர் வில்லியம் லாம்டன். என் பிழைப்போ அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. சர்க்யூட். இந்த இரண்டுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் திருவாலங்காடு. அரக்கோணம் லைனில் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் தெரியும். நடராஜர் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடிய ரத்தின சபை எங்கள் ஊரில்தான். 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பற்றி வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். ராஜேந்திர சோழன் பழையனூர் என்ற ஊரை எங்கள் கோயிலுக்குக் கொடுத்த சாசனம் அது. ஊர் எல்லையைக் குறிக்க ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, அது போன வழியை எல்லையாக எழுதி வைத்தார்கள். சின்ன வயசில் இதைக் கேட்டபோது எனக்கு ஒரே சந்தேகம். யானை ஒரு அடி தள்ளி வைத்தால் யாருடைய நிலம் போகும்? அந்தச் சந்தேகம் பிற்பாடு என்னையே வந்து பிடித்துக்கொண்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லாரி எடைமேடைக்கு நான் எலெக்ட்ரானிக்ஸ் போர்டு வடிவமைத்தேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. 16 பிட் ஏ.டி.சி. போட்டிருந்தேன். அதாவது முழு அளவை 65,536 படிகளாகப் பிரிக்கும். பெருமையாகத்தான் இருந்தது. ஒரு சித்திரை மாதம் நெல் வியாபாரி ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். காலையில் 10 டன் காட்டிய வண்டி, மத்தியானம் 20 கிலோ குறைத்துக் காட்டுகிறது. டிரைவர் இறங்கக்கூட இல்லை, அதே மூட்டைகள்.

காரணம் சின்னது. லோடு செல்லுக்கு மின்சாரம் கொடுக்கும் வோல்டேஜ் ஒரு ஐ.சி.யிலிருந்து. ஏ.டி.சி. எதோடு ஒப்பிட்டு அளக்கிறதோ அந்த ரெஃபரன்ஸ் வோல்டேஜ் இன்னொரு ஐ.சி.யிலிருந்து. இரண்டும் மலிவு ரகம். ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 50 பங்கு நகரக்கூடியவை. 20 டிகிரி ஏறினால் ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு பங்கு. 65,536 படிகளில் அது 65 படி! இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் நகர்ந்தால் 10 டன்னில் 20 கிலோ. டிஸ்ப்ளேயில் எண் ஆடாமல் அசையாமல் நின்றது, ஆனால் பொய் சொல்லிக்கொண்டு நின்றது. அந்த 20 கிலோ நெல் யாரோ ஒருத்தர் வயலில் விளைந்தது.

அந்த நாட்களில் என் கையில் கிடைத்ததுதான் லாம்டனின் கதை.

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் கெட்டிக்காரர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். அங்கே பல வருஷம் பெரிய பெயர் ஒன்றுமில்லாத உத்தியோகம். சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போய் ஒரு கண்ணின் பார்வை கெட்டது. நடுவயதில்தான் 33-ஆம் படைப்பிரிவோடு இந்தியா வந்தார்.

1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போர். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி ஜெனரல் பெயர்ட் தன் படையை நடத்திக்கொண்டு போகிறார். நட்சத்திரங்களைப் பார்த்த லாம்டன், நாம் எதிரியின் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தார். ஜெனரல் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிரியின் காவல் படையிலேயே போய் முட்டிக்கொண்டார்கள். அப்புறம்தான் திசைகாட்டியை எடுத்துப் பார்த்து லாம்டன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்களாம். நம் மனசுக்குத் தோன்றுவதை நம்பாமல், நகராத ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற குணம் அன்றைக்கே அவரிடம் இருந்தது.

போர் முடிந்ததும் தென்னிந்தியாவைக் கரையிலிருந்து கரை வரை முக்கோணங்களாக அளக்கும் திட்டத்தை அவர் அரசாங்கத்திடம் வைத்தார். அப்போது கர்னலாக இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்து வெலிங்டன் பிரபு, அதை ஆதரித்தார். பணம் ஒதுக்க வேண்டியவர்களில் ஒருவரோ கேலி செய்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, அவர்களுக்கு வழி தெரியாதா, இதற்கு எதற்கு லாம்டனின் வரைபடம் என்பது அவர் வாதம். நம் ஆபீஸ் மீட்டிங்குகளில் இந்த ஆள் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்!

முக்கோணக் கணக்குக்கு ஒரே ஒரு பக்கத்தையாவது தரையில் நேராக அளந்தாக வேண்டும். அதுதான் அடிக்கோடு. அது தப்பினால் அதன் மேல் கட்டும் எல்லாமே தப்பு. நம்ம பாஷையில் சொன்னால் அதுதான் ரெஃபரன்ஸ் வோல்டேஜ். அந்த அடிக்கோட்டை 1802 ஏப்ரல், மே மாதங்களில் அவர் அளந்த இடம் எது தெரியுமா? பரங்கிமலையின் அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை. கிண்டியிலிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் அடுத்த ஸ்டேஷன்தான் பரங்கிமலை. நாலு வருஷம் இங்கே படித்தும் எனக்கு இது தெரியவில்லை.

அளந்த சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. ராம்ஸ்டன் என்ற லண்டன் கைவினைஞர் செய்த 100 அடி உருக்குச் சங்கிலி அது. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அங்கே வேண்டாம் என்று திரும்பி, கல்கத்தா வழியாக லாம்டனிடம் வந்து சேர்ந்தது. அதை அவர் வெறும் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை மட்டமாக வைத்து, அதற்குள் சங்கிலியைப் படுக்க வைத்து, ஒரே அளவு இழுவை கொடுத்து, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அளந்தார். வேலை செய்யும் சங்கிலியைச் சோதிக்க இன்னொரு சங்கிலியைத் தனியாக வைத்திருந்து ஒப்பிட்டார்.

மொத்த நீளம் 40,006.44 அடி. அதாவது 400 முழுச் சங்கிலி, பாக்கி ஆறடிச் சொச்சம். முதலில் பெரிய படிகளை எண்ணி, மீதியை நுணுக்கமாக அளப்பது. தம்பிகளே, பைப்லைன் ஏ.டி.சி. செய்வதும் இதேதான். முதல் படியிலேயே சங்கிலி நீளம் தப்பாக இருந்தால், கடைசி மீதியை எத்தனை தசம ஸ்தானம் வரை அளந்தாலும் பிரயோஜனம் இல்லை.

ஏன் தெர்மாமீட்டர்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உருக்கு பத்து லட்சத்தில் 11, 12 பங்கு நீளும். 40,000 அடிக்கு அது 5 அங்குலத்துக்கு மேல். சென்னைக் கத்திரி வெயிலில் காலைக்கும் மத்தியானத்துக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும்.

அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே போனார்கள். கோணம் அளக்க லண்டனில் கேரி செய்த தியோடலைட், எடை அரை டன். அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோய், பிறகு மரியாதையாக மதராசுக்கு அனுப்பி வைத்தார்கள். 1804-இல் பெங்களூருக்குப் பக்கத்தில் இரண்டாவது அடிக்கோடு. அவருடைய உதவியாளர் ஜான் வாரன் அதைச் சங்கிலியால் அளந்தார். சுமார் ஏழரை மைல். இதே நீளத்தைப் பரங்கிமலை அடிக்கோட்டிலிருந்து முக்கோணக் கணக்காலும் கண்டுபிடித்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 3.7 அங்குலம்!

எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் இதுதான். அது ஏறக்குறைய 1,29,000-இல் ஒரு பங்கு. 17 பிட் ஏ.டி.சி.யின் ஒரு படி 1,31,072-இல் ஒரு பங்கு. டிரான்சிஸ்டர் இல்லாத காலத்தில், சென்னையிலிருந்து பெங்களூர் வரை, வெயிலிலும் மழையிலும் 17 பிட். நான் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து போட்ட போர்டு, வெயிலில் 10 பிட்டுக்குக்கூடத் தேறவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் கணக்கு சரி என்று அவரே சொல்லிக்கொள்ளவில்லை. தப்பு இருந்தால் தெரிந்துபோகும்படி இரண்டாவது அடிக்கோட்டை அளக்க வைத்தார். அந்தக் காலத்து வரைபடங்களில் தீபகற்பத்தின் அகலம் 400 மைல் என்று இருந்ததை 360 மைல் என்று அவர் திருத்தியபோது நம்பிக்கை வந்தது அதனால்தான்.

1808-இல் பெரிய இடி விழுந்தது. தஞ்சாவூரில் கோயில் கோபுரத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணம் படிக்கும் பெரிய வட்டமே நெளிந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் போய் ஆறு வாரம் வெளி ஆட்களைப் பார்க்காமல், ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வட்டத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தக் கருவி உழைத்தது.

இந்த வேலையில் நம்ம வீட்டுப் பிள்ளை ஒருவரும் உண்டு. நம் கல்லூரியின் வேர், 1794-இல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளி என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பள்ளியில் படித்த ஜோஷுவா டி பென்னிங் லாம்டனிடம் உதவியாளராகச் சேர்ந்து கடைசி வரை கூட இருந்தார். பிற்பாடு கல்கத்தாவில் சர்வேயின் தலைமைக் கணக்கராக உயர்ந்தார். லாம்டனின் இன்னொரு உதவியாளர் ஹென்றி கேட்டர். பிசிக்ஸ் லேபில் கேட்டர் பெண்டுலத்தோடு மல்லுக்கட்டினோமே, அதே கேட்டர்தான்! கொடி பிடித்தவர்கள், மலை உச்சிக்குக் கருவி தூக்கியவர்கள், காட்டில் காய்ச்சல் கண்டவர்கள் பெயரெல்லாம் நமக்கு வந்து சேரவில்லை. அந்த 3.7 அங்குலத்தில் அவர்கள் பங்கும் இருக்கிறது.

கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கே போய்க்கொண்டே இருந்த லாம்டன், 1823 ஜனவரி 20-ஆம் தேதி, நாகபுரி போகும் வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார். வயது எழுபதை ஒட்டி. வேலை பாதியில் நின்றது. அதை இமயம் வரை கொண்டுபோனவர் அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட். உலகத்தின் உயர்ந்த சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் வைத்தார்கள். லாம்டனுக்குப் பரங்கிமலை மேல் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் எடைமேடை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஏ.டி.சி.யை 24 பிட்டாக மாற்றலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். லோடு செல்லுக்குக் கொடுக்கும் அதே வோல்டேஜையே ரெஃபரன்ஸாகவும் கொடுத்தேன். இப்போது அது நகர்ந்தால் இரண்டும் சேர்ந்தே நகரும், விகிதம் மாறாது. செலவு குறைந்தது, ஒரு ஐ.சி. மிச்சம். கூடவே ஒரு ஏற்பாடு செய்தோம். தெரிந்த எடைக்கல் வைத்துக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை சோதிப்பது. அதே வியாபாரி நின்று பார்த்தார். 5 கிலோ படிகூட நகரவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, வண்டியைக் கிளப்பச் சொல்லிக் கை காட்டினார். எனக்கு அது கான்வொகேஷன் பட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது.

தம்பி தங்கைகளே, டேட்டா ஷீட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பிட் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். எதோடு ஒப்பிட்டு அளக்கிறோம், வெயிலில் அது நிற்குமா, தப்பு இருந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்ற மூன்று கேள்வியையும் கேளுங்கள். நம் எண்ணை நம்பி ஒருத்தர் மூட்டையை ஏற்றுகிறார். ஊருக்குப் போகும்போது பழையனூர் எல்லையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த யானையின் ஞாபகம் வரும். அடி எடுத்து வைப்பது யானை, பலன் ஊருக்கு.

 கேன்டீன் டீயில் சந்திப்போம்.