கண்ணில் விழுந்த ஒரு துளி

பெங்களூரு கிருஷ்ணராஜேந்திரர் சந்தைக்கு அருகே, விக்டோரியா மருத்துவமனையை அடுத்து மிண்டோ கண் மருத்துவமனை அமைந்துள்ளது. நூறாண்டு கடந்த அம்மருத்துவமனையில் கண்புரை அறுவைக்கு வரும் முதியோருள் பெரும்பாலோர் விழித்த நிலையிலேயே படுத்திருப்பர். மருத்துவர் கீழே பார்க்கச் சொன்னால் கீழே பார்ப்பர். அசையாதிருக்கச் சொன்னால் அசையாதிருப்பர். கண்ணின்மேல் கருவி படுவது அவர்களுக்கு வலிப்பதில்லை. உடல் முழுவதையும் உறங்கச் செய்யாமல் ஓர் உறுப்பை மட்டும் மரத்துப்போகச் செய்யும் இம்முறைக்கு வழி திறந்தவர் கார்ல் கொல்லர் என்னும் மருத்துவர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

கொல்லர் 1857ஆம் ஆண்டு திசம்பர் 3ஆம் நாள் பொகீமியா நாட்டின் சிற்றூர் ஒன்றில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பின்னர் வியன்னா மாநகரில் வளர்ந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1882இல் பட்டம் பெற்றார். வியன்னா பொது மருத்துவமனையின் கண் பிரிவில் உதவியாளர் பதவி பெறவேண்டும் என்பதே அவருடைய பெருவிருப்பம். அப்பதவி எளிதில் கிட்டுவதன்று. புதிதாக ஏதேனும் கண்டறிந்தவருக்கே அது வாய்க்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அக்காலக் கண் அறுவையின் கொடுமையை இன்று நினைத்துப் பார்ப்பதும் கடினம். சென்னையில் 1819இலேயே கண் மருத்துவமனை தொடங்கப்பெற்றுவிட்டது. எனினும் அங்கும் ஐரோப்பாவிலும் நோயாளி வலியைப் பொறுத்துக்கொண்டே கிடக்க வேண்டியிருந்தது. ஈதர் 1846இலும் குளோரோபாரம் 1847இலும் பயன்பாட்டுக்கு வந்தன. வயிற்றையும் காலையும் அறுப்போருக்கு அவை வரமாயின. கண் மருத்துவருக்கோ அவற்றால் புதிய தொல்லை விளைந்தது. மயங்கிய நோயாளியால் மருத்துவர் சொன்ன பக்கம் பார்க்க இயலாது. அவர் விழித்தெழும்போது குமட்டி வாந்தி எடுப்பார். அந்த அழுத்தத்தில் அப்போதுதான் அறுக்கப்பட்ட கண்ணின் புண் பிளந்துவிடும். கண்ணை மட்டும் மரக்கச் செய்யும் மருந்து வேண்டும் என்று கொல்லரின் ஆசிரியர் ஆர்ல்ட் வலியுறுத்தி வந்தார். கொல்லர் மார்பின் முதலிய பல மருந்துகளை விலங்குகளின் கண்ணில் இட்டுப் பார்த்தார். ஒன்றும் பயன்படவில்லை.

அதே மருத்துவமனையில் அவருடைய நண்பர் ஒருவர் பணியாற்றினார். பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வின் தந்தை எனப் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டே அவர். தென்னமெரிக்கக் கோக்கா இலையிலிருந்து எடுக்கப்பெற்ற கொக்கெயின் என்னும் பொருளைப் பிராய்டு 1884இல் ஆராய்ந்துகொண்டிருந்தார். அது களைப்பைப் போக்குமா என்பதே அவர் ஆய்வு. (கொக்கெயின் மக்களை அடிமைப்படுத்தும் கொடிய பொருள் என்பது அன்று நன்கு உணரப்படவில்லை.) அவ்வாண்டுக் கோடையில் பிராய்டு தாம் மணக்கவிருந்த பெண்ணைக் காண வெளியூர் சென்றார். அப்பொருள் நாவில் பட்டால் நா மரத்துப்போகிறது என்பதைச் சுவைத்த பலரும் அறிந்திருந்தனர். அதைப் பொருட்படுத்தினார் இலர். கொல்லருக்கு மட்டும், நாவை மரக்கச் செய்வது கண்ணையும் மரக்கச் செய்யுமே என்னும் எண்ணம் மின்னலெனத் தோன்றியது. பல ஆண்டுகளாக ஒரே வினாவைச் சுமந்து திரிந்தவருக்கன்றோ விடை கண்ணில் படும்!

உடனே ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார். உடனிருந்தவர் கார்ட்னர் என்னும் உதவியாளர். வெண்ணிறத் தூளைச் சிறிது நீரில் கரைத்து ஒரு தவளையின் கண்ணில் துளியாக இட்டனர். ஏறத்தாழ ஒரு நிமிடம் கடந்தது. ஊசியால் அக்கண்ணைத் தொட்டபோது தவளை இமைக்கவில்லை; விலகவுமில்லை. மருந்திடாத மற்றொரு கண்ணைத் தொட்டதும் துள்ளி விலகியது. முயலிடமும் நாயிடமும் இவ்வாறே செய்து பார்த்தனர். முடிவு மாறவில்லை. பின்னர் இருவரும் தத்தம் கண்ணிலேயே அத்துளியை இட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, குண்டூசியின் தலையால் விழியைத் தொட்டனர். எவ்வுணர்ச்சியும் இல்லை. அறிவியல் வரலாற்றில் இத்துணைச் சிறு செலவில், இத்துணை விரைவில் நிகழ்ந்த கண்டுபிடிப்புகள் மிகச் சிலவே.

1884 செப்டம்பர் மாதம் செருமனியின் ஹைடல்பர்க் நகரில் கண் மருத்துவர் மாநாடு கூடியது. அங்குச் செல்ல வழிச்செலவுக்குக் கொல்லரிடம் பணம் இல்லை. பிரெட்டவர் என்னும் மருத்துவர் செப்டம்பர் 15ஆம் நாள் அவருடைய கட்டுரையை அவையில் படித்தார், செயல்முறையாகவும் காட்டினார். அவை வியந்தது. சில மாதங்களுக்குள் உலகின் பல நாட்டு மருத்துவமனைகளில் அத்துளி பயன்படலாயிற்று.

வியன்னாவில் கொல்லர் விரும்பிய பதவி மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. 1885 சனவரித் தொடக்கத்தில், ஒரு நோயாளிக்குச் செய்யவேண்டிய சிகிச்சை குறித்து உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவருடன் அவருக்குக் கருத்து வேறுபாடு எழுந்தது. அம்மருத்துவர் கொல்லரின் யூதப் பிறப்பைச் சுட்டி இழிசொல் கூறினார். கொல்லர் அவரை அறைந்தார். அக்கால வழக்கப்படி வாட்போர் நிகழ்ந்தது. கொல்லருக்குக் காயம் இல்லை, எதிர்த்தவர் வெட்டுண்டார். வாட்போர் சட்டத்திற்குப் புறம்பானது. இழிசொல் கேட்டவர் அவரேயாயினும், அந்நகரில் அவர் எதிர்காலம் மங்கிற்று.

அவ்வாண்டு வேனிலில் பிராய்டின் தந்தைக்குக் கண் அறுவை நடந்தது. கோனிக்ஸ்டைன் என்பவர் அறுவை செய்தார். பிராய்டு அருகிருந்து உதவினார். மருந்துத் துளியை இட்டவர் கொல்லர். கண்டுபிடிப்பின் பெருமை தமக்கே உரியதென்று கோனிக்ஸ்டைன் முன்பு வழக்காடியவர். அம்மூவரும் ஒரு முதியவரின் கண்ணுக்காக ஒரே அறையில் நின்ற அக்காட்சி எண்ணி மகிழத்தக்கது.

பின்னர்க் கொல்லர் வியன்னாவை விட்டு வெளியேறினார். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் டோண்டர்ஸ், ஸ்நெல்லன் ஆகிய அறிஞர்களிடம் பணியாற்றினார். கண் பரிசோதனையில் மாணவர்கள் படிக்கும், வரிதோறும் சிறுத்துச் செல்லும் எழுத்துப் பலகையை வகுத்தவர் இந்த ஸ்நெல்லனே. 1888இல் கொல்லர் கடல் கடந்து நியூயார்க் சேர்ந்தார். புதிய நாட்டில், புதிய மொழியில் தொழிலை முதலிலிருந்து தொடங்கினார்.

இதற்குள் அவர் திறந்த வழியில் பலர் நடந்தனர். நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர், நரம்பின் அருகே மருந்தைச் செலுத்தினால் அந்நரம்பு செல்லும் பகுதி முழுவதும் மரக்கும் எனக் கண்டார். தம் உடலிலேயே சோதித்ததால் அவர் கொக்கெயினுக்கு அடிமையாகிப் பெருந்துன்பம் உற்றார். 1898இல் செருமானிய மருத்துவர் பியர் முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்தார். தீங்கு மிக்க கொக்கெயினுக்கு மாற்றாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோக்கெயினும், 1943இல் சுவீடனில் லிக்னோகெயினும் உருவாக்கப்பெற்றன. இன்று இந்திய மருத்துவமனைகளில் பல் பிடுங்கும்முன் ஈறில் இடும் ஊசியும், கை எலும்பு அறுவைக்குத் தோள்நரம்பருகே இடும் ஊசியும், மகப்பேற்று அறுவைக்கு முதுகில் இடும் ஊசியும் இவ்வழியில் வந்தவையே. முதுகில் ஊசி பெற்ற தாய் விழித்திருந்து தன் குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கிறாள். முழு மயக்கத்திற்கு வேண்டிய கருவிகள் குறைந்த சிற்றூர் மருத்துவமனைகளுக்கு இம்முறை பெருந்துணையாகும்.

கொல்லர் நியூயார்க்கில் கண் மருத்துவராகவே நெடுங்காலம் வாழ்ந்தார். 1922இல் அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கம் அவருக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. 1944 மார்ச் 21ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில், அந்நகரிலேயே மறைந்தார். வியன்னாவிலிருந்து வந்த பழைய கடிதங்களை அவர் இறுதிவரை பாதுகாத்து வைத்திருந்தார். பிராய்டு எழுதியவையும் அவற்றுள் இருந்தன. அக்கடிதங்களைக் கொண்டு அவர்தம் மகள் ஹார்ட்டென்ஸ் 1963இல் தந்தையின் வரலாற்றை எழுதி வெளியிட்டார்.