ஒரு ஞாயிற்றுக்கிழமையின் சுமை

1963ஆம் ஆண்டு நவம்பர் 22, வெள்ளிக்கிழமை நண்பகல். டல்லாஸ் நகரில் திறந்த காரில் சென்ற அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவு நியூயார்க் நகரின் நாடக அரங்குகள் மூடப்பட்டன. கென்னடி படித்த ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கும் இடையே மறுநாள் நடைபெறவிருந்த கால்பந்துப் போட்டி தள்ளிவைக்கப்பட்டது. இந்த நேரத்தில் 37 வயதுடைய ஒருவர், தாம் நிர்வகித்த அமைப்பின் ஏழு போட்டிகளை ஞாயிற்றுக்கிழமை நடத்துவதா, வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவர் பெயர் பீட் ரோசெல். தேசிய கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.) அமைப்பின் ஆணையர்.

இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்க ஆட்டம். இன்று அந்நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு வணிகமாக அது வளர்ந்து நிற்பதற்குத் தனிமனிதர் ஒருவரைக் காரணமாகச் சொல்ல வேண்டுமெனில், வரலாற்றாசிரியர்கள் பலரும் ரோசெலையே சுட்டுவர்.

ஆல்வின் ரே ரோசெல் என்ற இயற்பெயருடைய அவர் 1926 மார்ச் 1 அன்று கலிஃபோர்னியாவில் பிறந்தார். பீட் என்பது உறவினர் ஒருவர் சிறுவயதில் சூட்டிய செல்லப் பெயர். லாஸ் ஏஞ்சலிஸ் புறநகரில் வளர்ந்த அவர், பள்ளிப் படிப்பை முடித்ததும் 1944இல் கடற்படையில் சேர்ந்து இரண்டாண்டுகள் பணியாற்றினார். பின்னர் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதன் விளையாட்டுச் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றார். அவர் சிறந்த ஆட்டக்காரர் அல்லர். ஆட்டத்தைப் பற்றி மக்களிடம் பேசத் தெரிந்தவர். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியில் விளம்பரப் பணியில் சேர்ந்தவர், 1957இல் தமது 31ஆவது வயதில் அவ்வணியின் பொது மேலாளரானார்.

1959 அக்டோபரில் லீக்கின் ஆணையர் பெர்ட் பெல், போட்டியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். அவருக்குப் பின் யார் என்பதில் அணி உரிமையாளர்கள் இரு பிரிவாகப் பிளவுபட்டனர். 1960 ஜனவரியில் மயாமி கடற்கரை விடுதி ஒன்றில் நாள்கணக்கில் கூடி, சுற்றுச்சுற்றாக வாக்களித்தும் முடிவு எட்டப்படவில்லை. இறுதியில், யாருக்கும் பகையில்லாதவர் என்ற ஒரே காரணத்துக்காக 33 வயது ரோசெலின் பெயர் முன்மொழியப்பட்டு, 23ஆவது சுற்றில் அவர் தேர்வானார். உரிமையாளர்கள் விவாதித்துக்கொண்டிருக்க, அவர் கழிவறையில் காத்திருந்தார் என்றும், யார் உள்ளே வந்தாலும் கை கழுவுவதுபோல் பாவனை செய்தார் என்றும் அவரே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கறைபடாத கைகளோடு பதவிக்கு வந்தவர் என்ற சிலேடையும் அதனால் பிறந்தது.

அவர் ஏற்றது அப்படியொன்றும் வளமான அமைப்பு அன்று. ஒவ்வோர் அணியும் தனது ஒளிபரப்பு உரிமையைத் தானே விற்றுக்கொண்டது. நியூயார்க் போன்ற பெருநகர அணிக்குக் கிடைத்த தொகைக்கும் விஸ்கான்சின் மாநிலத்தின் சிறுநகரான கிரீன் பே அணிக்குக் கிடைத்த தொகைக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. இந்நிலை நீடித்தால் பணக்கார அணிகள் மேலும் வலுப்பெறும். ஏழை அணிகள் நலிந்து மறையும். முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தைப் பார்க்க ஆள் வராது. சாதாரணச் சந்தையில் போட்டியாளர் அழிந்தால் எஞ்சியவருக்கு ஆதாயம். விளையாட்டுச் சந்தையிலோ, எதிராளி அழிந்தால் விற்பதற்குச் சரக்கே இல்லை. பொருளாதாரப் பேராசிரியர்கள் பாடமாக நடத்தும் இந்த முரணை, ரோசெல் நடைமுறையில் கண்டுகொண்டார்.

எல்லா அணிகளின் ஒளிபரப்பு உரிமையையும் லீக்கே மொத்தமாக விற்று, கிடைப்பதைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்பது அவர் திட்டம். நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் அணிகளின் உரிமையாளர்களைத் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்தது அவருடைய முதல் வெற்றி. ஆனால், இத்தகைய கூட்டு விற்பனை ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரணானது என 1961இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரோசெல் வாஷிங்டன் சென்று நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார். சில வாரங்களிலேயே விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் நிறைவேறியது. 1961 செப்டம்பர் 30 அன்று அதில் கையெழுத்திட்டவர் அதிபர் கென்னடி.

அந்தக் கையெழுத்தின் பயன் உடனே தெரிந்தது. 1962இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. 14 அணிகளுக்கும் தலா ஏறத்தாழ 3.3 லட்சம் டாலர். இரண்டே ஆண்டுகளில் அந்த ஒப்பந்தத் தொகை ஆண்டுக்கு 1 கோடியே 41 லட்சம் டாலராக உயர்ந்தது. இன்று நம் நாட்டின் ஐ.பி.எல். கிரிக்கெட்டிலும் ஒளிபரப்பு உரிமை மையமாக விற்கப்பட்டு அணிகளுக்குப் பகிரப்படுகிறது.

இந்தப் பின்னணியில்தான் அந்த நவம்பர் வார இறுதியைப் பார்க்க வேண்டும். லீக்கின் செழிப்புக்குச் சட்டவழி திறந்துவிட்ட அதிபர் இறந்துகிடக்கிறார். ரோசெல், கென்னடியின் செய்திச் செயலர் பியர் சாலிங்கரைத் தொடர்புகொண்டார். சாலிங்கரும் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர், பழைய நண்பர். அமைச்சர்களுடன் ஜப்பான் செல்லும் வழியில் செய்தியறிந்து திரும்பியவர். கென்னடி கால்பந்தை விரும்பியவர், ஆட்டம் நடப்பதையே அவர் விரும்பியிருப்பார் என்பது சாலிங்கரின் கருத்து. ரோசெல் அதை ஏற்றுப் போட்டிகள் நடைபெறும் என அறிவித்தார்.

போட்டி அமைப்பான அமெரிக்கன் கால்பந்து லீக் தன் ஆட்டங்களைத் தள்ளிவைத்தது. ரோசெலின் சொந்த அணிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. கிளீவ்லேண்ட் அணியின் உரிமையாளர் ஆர்ட் மோடெல் ஆட வேண்டாம் என்று வற்புறுத்தினார். அன்று அவரது மைதானத்துக்கு வரவிருந்தது டல்லாஸ் அணி. அதிபர் கொல்லப்பட்ட நகரின் பெயரைத் தாங்கிய அணி. அசம்பாவிதத்துக்கு அஞ்சிய மோடெல், ஒலிபெருக்கியில் டல்லாஸ் என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது, கௌபாய்ஸ் என்று மட்டுமே குறிப்பிட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கென்னடியின் உடல் வெள்ளை மாளிகையிலிருந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் குதிரைகள் பூட்டிய வண்டியில் கொண்டு செல்லப்பட்ட நாள் அது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டை, டல்லாஸ் காவல் நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஜாக் ரூபி சுட்ட காட்சி நேரலையில் ஒளிபரப்பானது. நாடே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உறைந்திருந்த அந்தப் பிற்பகலில்தான் வீரர்கள் களமிறங்கினர். நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் 62 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். ரோசெலும் அங்கே இருந்தார். பிலடெல்பியாவில், துக்கத்தில் மூழ்கிய தலைநகரிலிருந்து வந்த வாஷிங்டன் அணி ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பிலடெல்பியா அணியின் தலைவரே செல்லவில்லை.

தொலைக்காட்சிப் பணத்துக்காகவே ரோசெல் போட்டிகளை நடத்தினார் என்று இன்றும் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அன்று ஓர் ஆட்டமும் ஒளிபரப்பாகவில்லை. தொலைக்காட்சி நிறுவனங்கள் விளம்பரங்களையும் வழக்கமான நிகழ்ச்சிகளையும் கைவிட்டு, நான்கு நாள்கள் துயரச் செய்திகளை மட்டுமே ஒளிபரப்பின. தொலைக்காட்சியால் வளர்ந்த ஆட்டம், தொலைக்காட்சியே விலகி நின்ற நாளில் ஆடப்பட்டது. வணிக நிறுவனங்கள் உணர்ந்த இடத்தை, மக்கள் மனத்தைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ரோசெல் உணரத் தவறினார்.

அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. துயரத்தில் மக்களுக்குச் சற்று ஆறுதல் வேண்டும். சோதனைக் காலத்திலும் கடமையைச் செய்வது விளையாட்டின் மரபு. இறந்தவரும் இதையே விரும்பியிருப்பார் என்பன அவருடைய வாதங்கள். முதலிரண்டும் புறந்தள்ளத் தக்கவை அல்ல. மூன்றாவதுதான் சிக்கலானது. இறந்தவரின் விருப்பத்தை இருப்பவர் நிறைவேற்றலாம். தமக்கு வசதியான விருப்பத்தை அவர்மீது ஏற்றிவிடலாகாது. ஒரு நண்பரின் இசைவைத் தேசத்தின் இசைவாகக் கொண்டதும், களமிறங்க வேண்டிய வீரர்களின் மனநிலையைக் கேட்காததும் பிழைகளே.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதை இழக்கிறோம் என்பதை வைத்தே அத்தேர்வின் விலையை அளவிடச் சொல்கிறது பொருளாதாரம். தள்ளிவைத்த ஆட்டத்தைப் பருவத்தின் இறுதியில் ஆடிக்கொள்ளலாம். போட்டி லீக் அதைச் செய்தும் காட்டியது. துக்க நாளைத் தள்ளிவைக்க இயலாது. மீட்கக்கூடியதைக் காக்க, மீட்க முடியாததை இழந்ததே அந்த முடிவின் குறை.

பத்திரிகையாளர்கள் ரோசெலைக் கடுமையாகச் சாடினர். ஆனாலும், சூதாட்டத்தில் ஈடுபட்ட இரு நட்சத்திர வீரர்களை அதே ஆண்டு துணிந்து இடைநீக்கம் செய்திருந்ததால், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் 1963இன் சிறந்த விளையாட்டு மனிதராக அவரையே தேர்ந்தெடுத்தது. அதன்பின் அவர் பெற்றவை வெற்றிகளே. 1966இல் இரு லீக்குகளின் இணைப்பு உடன்பாடு. 1967 ஜனவரியில் முதல் சூப்பர் பவுல். 1970 முதல் திங்கள் இரவு ஒளிபரப்பு. 1982இல் கையெழுத்தான ஐந்தாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு 200 கோடி டாலரைக் கடந்தது. வேலைநிறுத்தங்களும் நீதிமன்ற வழக்குகளும் இறுதி ஆண்டுகளில் அவரைக் களைப்படையச் செய்தன. 1989இல் அவர் ஓய்வுபெற்றபோது லீக்கில் 28 அணிகள் இருந்தன. 1996 டிசம்பர் 6 அன்று, 70ஆவது வயதில், மூளைப் புற்றுநோயால் காலமானார்.

இத்தனை சாதனைகளுக்கிடையே, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கப்பட்ட போதெல்லாம் அவர் மழுப்பவில்லை. தமது பணிக்காலத்தில் தாம் மிகவும் வருந்தும் முடிவு அதுவே என்று ஒப்புக்கொண்டார். சாலிங்கர்மீது பழியைப் போட வழி இருந்தும், முடிவு தம்முடையது என்ற நிலையிலிருந்து அவர் விலகவில்லை. பெரிய பொறுப்புகளை வகித்தவர்களிடம் அரிதாகக் காணப்படும் பண்பு இது.

அந்த வருத்தம் வீண்போகவில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், ரோசெலின் வழிவந்த ஆணையர் பால் டாலியாபூவின் முன் அதே கேள்வி எழுந்தது. 1963இன் நினைவு அனைவர் மனத்திலும் இருந்தது. இம்முறை வீரர்களின் கருத்தும் கேட்கப்பட்டது. இரண்டே நாள்களில், அந்த வார ஆட்டங்கள் அனைத்தும் தள்ளிவைக்கப்படுவதாக அவர் அறிவித்தார். அவை 2002 ஜனவரியில் ஆடப்பட்டன. சூப்பர் பவுல் ஒரு வாரம் தாமதமானது. லீக்குக்கு வேறு குறையேதும் நேரவில்லை.

சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கு இன்று வழங்கப்படும் கோப்பை பீட் ரோசெலின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவருடைய வெற்றிகளை அந்தக் கோப்பை நினைவூட்டுகிறது. அவர் மறைக்காமல் விட்டுச்சென்ற பிழையோ, 2001இல் அவருக்குப் பின் வந்தவருக்கு வழிகாட்டியது.