கையை முறித்த கைப்பிடியை ஒழித்தவர்

காலை நேரம். கொரட்டூரில் ஒரு வீட்டு வாசல். அப்பா காரில் ஏறுகிறார். சாவியைத் திருப்புகிறார். கிர்ர் என்று ஒரு சத்தம். மறு நொடி எஞ்சின் ஓடுகிறது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இது பெரிய அதிசயம். அந்தக் கிர்ர் சத்தத்தைக் கார்களில் கேட்க வைத்தவர் ஒரு பண்ணை வீட்டுப் பையன். அவர் பெயர் சார்லஸ் கெட்டரிங்.

எமன் போல ஒரு கைப்பிடி

அந்தக் காலத்தில் காரைக் கிளப்புவது லேசான வேலை அல்ல. காருக்கு முன்னால் ஓர் ஓட்டை இருக்கும். அதில் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருக வேண்டும். பலம் கொண்ட மட்டும் சுற்ற வேண்டும்.

எஞ்சினில் தீப்பொறி கொஞ்சம் முந்தி விழுந்து விட்டால் போச்சு! எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி திரும்பி அடிக்கும். மணிக்கட்டு முறியும். சிலருக்குத் தாடை உடைந்தது.

நம் ஊர் பழைய டிரைவர்களுக்கு இது தெரியும். அம்பாசடர் காரிலும் லாரியிலும் இந்தக் கைப்பிடி வெகு காலம் இருந்தது. ஹேண்டில் அடிக்கும்போது கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு சேர்த்தே வைக்கவேண்டும் என்று கிளீனர் பையனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். எதிர்ப்பக்கம் வைத்தால் விரல் போய்விடும்.

பெண்களும் வயதானவர்களும் அந்தக் காரை ஓட்ட நினைக்கவே பயந்தார்கள்.

கண் பார்வை குறைந்த மாணவர்

கெட்டரிங் 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அமெரிக்காவில் பிறந்தார். ஒகாயோ மாநிலத்தில் லவுடன்வில் என்ற சிற்றூர். அப்பா விவசாயி.

பையன் கெட்டிக்காரன். ஆனால் கண்தான் அவனைக் கெடுத்தது. கொஞ்ச நேரம் படித்தால் தலைவலி மண்டையைப் பிளக்கும். முதலில் பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தார். பிறகு கல்லூரியில் சேர்ந்தார். கண் ஒத்துழைக்கவில்லை. படிப்பை விட்டார்.

வீட்டில் முடங்கிக் கிடந்தாரா? இல்லை. டெலிபோன் கம்பி இழுக்கும் கூலி ஆட்களோடு சேர்ந்தார். குழி தோண்டினார். கம்பம் நட்டார். மின்சாரத்தின் சூட்சுமம் அவருக்குக் கையோடு பழகிப் போனது.

பிறகு மீண்டும் கல்லூரி. அறைத் தோழர்கள் பாடத்தை உரக்கப் படிப்பார்கள். இவர் கேட்டு மனதில் வாங்கிக் கொள்வார். 1904-ல் எஞ்சினீயர் பட்டம் பெற்றார். அப்போது வயது 27. கூடப் பிறந்த வயதுக்காரர்கள் பலர் பிள்ளை குட்டிகளோடு இருந்திருப்பார்கள்!

கல்லாப் பெட்டியில் கிடைத்த ரகசியம்

டேட்டன் நகரில் கடைகளுக்குக் கல்லாப் பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே வேலை கிடைத்தது. அந்தப் பெட்டியை அதுவரை கையால் சுற்றித்தான் இயக்கினார்கள். அதற்கு மின்சார மோட்டார் பொருத்துவது கெட்டரிங் வேலை.

அங்கேதான் ஒரு விஷயம் அவருக்குப் புலப்பட்டது.

கல்லாப் பெட்டி மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. ஒரு நொடி வேகமாக இழுத்தால் போதும். பிறகு ஓய்வு. அப்படியானால், சின்ன மோட்டாரிடம் அதன் சக்திக்கு மீறிய வேலையை வாங்கலாம். அது சூடாகும். ஆனால் கருகுவதற்குள் வேலை முடிந்து விடும்; ஆறுவதற்கு நேரமும் கிடைக்கும்.

இந்தச் சின்ன விஷயந்தான் பின்னால் உலகத்துக் கார்களையெல்லாம் மாற்றியது.

1909-ல் அவர் அந்த வேலையை விட்டார். எட்வர்டு டீட்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். டீட்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான் தொழிற்சாலை. பழைய கம்பெனி நண்பர்கள் மாலையில் வேலை முடிந்ததும் அங்கே வந்து உதவினார்கள்.

லேலண்ட் தந்த வேலை

காடிலாக் கார் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்ட். (நம் ஊர் லேலண்ட் லாரிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர்.) கைப்பிடி அடித்து அவருடைய நண்பர் ஒருவர் உயிர் இழந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். ஆனால் கதையில் வரும் தேதிகள் சரியாகப் பொருந்தவில்லை. கைப்பிடியை ஒழிக்க வேண்டும் என்று லேலண்ட் நினைத்தது மட்டும் உண்மை.

மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்ப கெட்டரிங்குக்கு முன்பே சிலர் முயன்றார்கள். இங்கிலாந்தில் 1896-ம் ஆண்டே ஒரு காரில் மோட்டார் வைத்தார்கள். அந்த முயற்சிகள் பரவவில்லை. கணக்குப் போட்ட நிபுணர்கள், எஞ்சினைச் சுற்றும் மோட்டார் எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்கும் என்றார்கள். நாள் முழுவதும் ஓடும் மோட்டாருக்கு அந்தக் கணக்கு சரி. சில நொடி ஓடும் மோட்டாருக்கு?

கெட்டரிங் கல்லாப் பெட்டியை நினைத்தார். கொட்டகையில் இரவு பகலாக வேலை நடந்தது. 1911-ம் ஆண்டு தொடக்கத்தில் காடிலாக் காரில் பொருத்திக் காட்டினார். ஒரே மோட்டார் எஞ்சினைக் கிளப்பியது. எஞ்சின் ஓடியதும் அதுவே டைனமோவாகி பாட்டரிக்குக் கரண்டு கொடுத்தது. விளக்கும் எரிந்தது.

1912-ம் ஆண்டுக் காடிலாக் கார்கள் கைப்பிடித் தொல்லை இல்லாமல் வந்தன. அதற்காக இங்கிலாந்தின் திவார் கோப்பை கிடைத்தது. பெண்கள் தாமே காரைக் கிளப்பி ஓட்டினார்கள்.

சூடு என்னும் எதிரி

கெட்டரிங் கண்ட ரகசியத்திலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. சில நொடி மட்டும் ஓடுவதற்குச் செய்த மோட்டாரை நாம் விடாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

சாதாரணக் காரில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது 150 ஆம்பியர் கரண்டு இழுப்பது சகஜம். 12 வோல்ட் பாட்டரியில் இது 1,800 வாட். வீட்டு மின்விசிறிகள் இருபதுக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம்! எஞ்சின் இறுகி மோட்டார் திணறினால் கரண்டு இன்னும் கூடும். கரண்டு இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். காயில் மேல் பூசிய வார்னிஷ் கருகும். அப்புறம் மோட்டார் செத்தது போலத்தான்.

சூட்டோடு போராடித் தோற்றதும் கெட்டரிங் வாழ்க்கையில் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிரும் எஞ்சின் ஒன்றைச் செய்தார். எஞ்சினைச் சுற்றிலும் செப்புத் தகடு. 1923-ல் செவர்லே கார்களில் வைத்தார்கள். அது கொதித்தது. விற்ற கார்களைத் திரும்பப் பெற்றார்கள். கெட்டரிங் மனம் உடைந்து வேலையை விடவே துணிந்தார். கம்பெனித் தலைவர் தடுத்து நிறுத்தினார்.

இன்னொரு கறையையும் மறைக்கக் கூடாது. அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில்தான் 1921-ல் பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறை வந்தது. அதைத் தயாரித்த தொழிலாளர்கள் 1924-ல் விஷம் ஏறி மாண்டார்கள். ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. இந்தியாவில் 2000-ம் ஆண்டில்தான் அந்தப் பெட்ரோல் ஒழிந்தது.

180-க்கு மேற்பட்ட கண்டுபிடிப்புகளுக்கு உரிமை பெற்றார். பெரும் பணம் சேர்ந்தது. 1945-ல் நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று அவர் பெயரையும் சேர்த்துத் தொடங்கியது. 1958 நவம்பரில் காலமானார்.

பாடியில் ஒரு தொழிற்சாலை

மூன்று ஆண்டு கழித்து, 1961-ல், கொரட்டூரை அடுத்த பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி உருவானது. இங்கிலாந்து லூகாஸ் கம்பெனியும் நம் டி.வி.எஸ். நிறுவனமும் கூட்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் அங்கேயே தயாரானது. கொரட்டூர், பாடி, அம்பத்தூர் வீடுகளில் ஆர்மேச்சர், கார்பன் பிரஷ் என்ற சொற்கள் சோறு குழம்பு போலப் பழகின.

நம் மெக்கானிக்குகள் அந்த மோட்டாரை செல்ப் என்கிறார்கள். செல்ப் அடிக்கவில்லை என்றதும் பலர் புது மோட்டார் வாங்க ஓடுகிறார்கள். முதலில் பாட்டரியைப் பாருங்கள். கேபிள் முனையில் பூத்த பச்சைத் தூளைச் சுரண்டுங்கள். எர்த் ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதிச் செலவு மிச்சமாகும்.

காலையில் நன்றாகச் சுற்றி, வெயிலில் ஓடி நிறுத்தியபின் மட்டும் திணறுகிறதா? சைலன்சர் குழாயின் சூடு மோட்டாரைத் தாக்குகிறது. நடுவில் ஒரு தகரத் தடுப்பு இருக்க வேண்டும். ரிப்பேர் பார்க்கக் கழற்றியவர்கள் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள். கேட்டு மாட்டச் சொல்லுங்கள்.

மாற்றியே ஆக வேண்டுமானால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். காருக்கு 12, பெரிய லாரிக்கு 24. பல் சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். சுற்றும் திசையும் ஒத்துப் போகவேண்டும். டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சினைவிட இழுவை அதிகம் வேண்டும். இப்போது உள்ளே கியர் வைத்த சிறிய மோட்டார்கள் வருகின்றன. எடை குறைவு, கரண்டும் குறைவாக இழுக்கும். உடம்பு சிறியதால் சூடான குழாயிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும். உங்கள் வண்டிக்கு அப்படி ஒன்று பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

சாவியைத் திருப்பினால் பத்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள். எஞ்சின் கிளம்பவில்லையா? அரை நிமிடம் பொறுத்து மறுபடி திருப்புங்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் கிளம்பாவிட்டால், கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.