எழுதப் படிக்கத் தெரியாத தாயின் மகன் கணித மேதை ஆனார்!

ஜெர்மனியில் பிரன்ஸ்விக் என்று ஒரு நகரம். அங்கே ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டில் ஒரு பையன் பிறந்தான்.

தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் பிறந்த தேதியை அவள் குறித்து வைக்கவில்லை. இயேசுநாதர் விண்ணேறிய திருநாளுக்கு 8 நாள் முன்பு, ஒரு புதன்கிழமை என்பது மட்டும் அவளுக்கு ஞாபகம்.

அந்தத் திருநாள் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வராது. பையன் வளர்ந்ததும் கணக்குப் போட்டு, தன் பிறந்த நாளைத் தானே கண்டுபிடித்தான். அது 1777-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி!

அவர்தான் கணித மேதை காஸ்.

தகப்பனார் தோட்ட வேலை, கொத்து வேலை செய்தவர். படிக்க வைக்க வசதி இல்லை. பையனின் திறமையை அறிந்த பிரன்ஸ்விக் கோமகன் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார்.

மறைந்த கோள்

1801 ஜனவரி 1-ந் தேதி. சிசிலித் தீவில் பியாசி என்ற வானியல் அறிஞர் ஒரு சிறு கோளைக் கண்டார். அதற்கு சீரிஸ் என்று பெயர். 41 நாட்களில் அது சூரிய ஒளியில் மறைந்துவிட்டது. மறுபடி எங்கே தோன்றும்? எவருக்கும் தெரியவில்லை.

காசுக்கு அப்போது வயது 24. பியாசியின் குறிப்புகளை வைத்துக் கணக்குப் போட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி இரவு, அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே சீரிஸ் அகப்பட்டது!

மணி வளைவு

எவ்வளவு கவனமாக அளந்தாலும் சிறு பிழை வரும். அந்தப் பிழைகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு என்று காஸ் 1809-ல் தமது நூலில் விளக்கினார். சிறு பிழைகள் அதிகம் வரும். பெரும் பிழைகள் அபூர்வம். படமாக வரைந்தால், மணியைப் போல நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும். இதே வளைவை 1733-லேயே டி மாய்வர் என்ற அறிஞரும் கண்டிருந்தார்.

இந்த வளைவு ஆஸ்பத்திரிக்கும் உதவுகிறது. எப்படி?

ஒரு சிகிச்சைக்குச் சராசரி 60 நிமிடம் ஆகிறது. அதில் வழக்கமான ஏற்ற இறக்கம் 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 100 நோயாளிகளில் சுமார் 68 பேருக்கு 50 முதல் 70 நிமிடத்துக்குள் சிகிச்சை முடியும். சுமார் 95 பேருக்கு 40 முதல் 80 நிமிடத்துக்குள் முடியும். 80 நிமிடத்தைத் தாண்டுவது இரண்டு, மூன்று பேருக்குத்தான். ஆகவே அடுத்த நோயாளியை 80 நிமிடம் கழித்து வரச் சொன்னால், அநேகமாகக் காத்திருக்க நேராது.

ஆனால் ஒன்று. நேரங்கள் மணி போல அமைந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். சில சிகிச்சைகள் திடீர்ச் சிக்கலால் மிகவும் நீண்டுவிடும். அங்கே இது பொருந்தாது.

துயரமும் பெருமையும்

புகழ் தந்த அதே 1809-ல் காசின் மனைவி, குழந்தை பெற்ற சில வாரங்களில் இறந்துபோனார். காஸ் மனம் உடைந்தார். ஆனாலும் கெட்டிங்கன் வானாய்வு நிலையத்தின் தலைவராக இறுதி வரை உழைத்தார்.

வயதான தாயை 1817-ல் தம்மிடமே அழைத்துக்கொண்டார். 1839-ல் அவர் கண் மூடும் வரை, 22 ஆண்டுகள் காப்பாற்றினார்.

1855 பிப்ரவரி 23-ந் தேதி காஸ் காலமானார். பிற்காலத்தில் ஜெர்மனியின் 10 மார்க் நோட்டில் அவர் முகமும், பக்கத்திலேயே மணி வளைவும் அச்சாயின. 2002-ல் யூரோ நோட்டு வந்ததும் அது நின்றுபோயிற்று. வளைவு நிற்கவில்லை!