பேரனுக்காக ஆண்ட பெருமாட்டி: இராணி மங்கம்மாள்

காவிரி நீரால் வாழும் நாம், அந்நீருக்காகப் படை திரட்டிய ஒரு பெண்ணரசியை மறத்தல் தகாது. மதுரை நாயக்கர் அரசை 1689 முதல் 1706 வரை தாங்கி நின்ற இராணி மங்கம்மாளே அப்பெருமாட்டி.

இவர் சொக்கநாத நாயக்கரின் மனைவி. சொக்கநாதர் 1673-இல் தஞ்சையை வென்றார்; சில ஆண்டுகளிலேயே அது மராத்தியரான ஏகோஜியின் கைக்குச் சென்றது. நாற்புறமும் பகை சூழ்ந்து, அரசு சுருங்கிய நிலையில் 1682-இல் அவர் மறைந்தார். மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689-இல் அம்மை நோயால் மாண்டார். கணவருக்குப் பின் ஆண்மகவை ஈன்ற மருமகளும் சின்னாளில் உயிர் துறந்தார். அப்பச்சிளங் குழந்தையான விசயரங்க சொக்கநாதனுக்கு முடிசூட்டி, அவன் பெயரால் மங்கம்மாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆட்சி நடத்தலானார்.

அன்று ஔரங்கசீப்பின் படைகள் தென்னாட்டில் நின்றன. வீண் வீரம் பேசி நாட்டை அழிக்காமல், திறை செலுத்திக் குடிகளைக் காத்தார் அரசியார். ஆயினும் போர் வேண்டுமிடத்து அவர் தயங்கினாரல்லர். 1697-இல் அவருடைய தளவாய் நரசப்பையர் திருவிதாங்கூர் மீது படையெடுத்தார். தஞ்சையோடும் போர் மூண்டது. பின்னர் மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணையெழுப்பி நீரைத் தடுத்தபோது, நேற்றுப் பகைத்த தஞ்சையும் திருச்சியும் ஒன்றாகப் படை திரட்டின. போருக்கு முன்பே பெருவெள்ளம் அணையை உடைத்தது. நீர் நின்றால் முதலில் பட்டினி கிடப்போர் சேற்றில் நின்று நாற்று நட்ட நம் முன்னோரே என்பதை நாம் அறிவோம்.

1702-இல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியிடம் படை தோற்றது, நரசப்பையரும் வீழ்ந்தார். ஆயினும் மக்கள் நினைவில் நிலைத்தவை அவருடைய போர்கள் அல்ல, சாலைகளும் சத்திரங்களுமே. தென்பாண்டி நாட்டில் மங்கம்மாள் சாலை என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. திருச்சிராப்பள்ளித் தர்காவுக்கும் அவர் மானியம் அளித்தார். கிறித்தவப் பாதிரியாரையும் மதித்து வரவேற்றார்.

இவ்வறங்களைப் போற்றும் நாம் ஒன்றையும் மறைத்தல் கூடாது. அவர் வழிபட்ட மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நம் மக்கள் உரிமையோடு அடியெடுத்து வைத்தது 1939 சூலை 8-ஆம் நாளில்தான். எனவே அரசர் ஈயும் அறம் வேறு, மக்கள் பெறும் உரிமை வேறு.

அவருடைய முடிவு துயரமானது. பேரன் பக்கத்தார் அவரைச் சிறையிட்டு, உணவின்றி மாளச் செய்தனர் என்பது செவிவழிச் செய்தி. விசயரங்கரோ 1732 வரை ஆண்டும், கோயில் யாத்திரைகளிலும் கொடைகளிலும் மூழ்கி, ஆட்சியை அமைச்சர் கையில் விட்டார். அவர் மனைவி மீனாட்சியின் காலத்தில், 1736-இல் அவ்வரசு முடிவுற்றது.

பதினேழு ஆண்டுகள் நாட்டைக் காத்த கை, அதனை ஏற்கும் பிள்ளையை ஆட்சிக்கு ஆயத்தம் செய்யத் தவறியது போலும். அரியணையைக் காத்தால் மட்டும் போதாது. அதில் அமர்வோனுக்கு அறிவும் வேண்டும். அடுத்த தலைமுறைக்காகக் கல்விப்பணி ஏற்று இருபத்தைந்து ஆண்டுகள் கண்ட நாம், இவ்வரலாற்றிலிருந்து முதலில் கற்க வேண்டியது இதுவேயாகும்.